சந்தேகம் ஒன்றுதான், ‘டவுட்’ வேறு ‘சஸ்பெக்ட்’ வேறு

நாளிதழில் அடிக்கடி வரும் இரண்டு வரிகளை எடுத்துக்கொள்வோம். “சந்தேகத்தின் பேரில் ஒருவர் கைது.” “சந்தேகத்தின் பலனை அளித்து நீதிமன்றம் விடுதலை செய்தது.” இரண்டிலும் இருப்பது சந்தேகம் என்ற ஒரே சொல்தான். முதல் வரியில் அது ஆளை உள்ளே தள்ளுகிறது, இரண்டாவதில் வெளியே விடுகிறது. ஆங்கிலத்தில் முதலாவது ‘சஸ்பிஷன்’, இரண்டாவது ‘டவுட்’. கைது ‘ஆன் சஸ்பிஷன்’, விடுதலை ‘பெனிஃபிட் ஆஃப் டவுட்’. ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் பொருள் கெட்டுவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வேலைக்காக ஆங்கிலம் பழகுகிறவர்கள் பலவகை. ஓசூர் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு அறிக்கை எழுதுகிறவர்கள், மாங்கூழ் ஆலை அலுவலகத்தில் ஏற்றுமதி மெயில் எழுதுகிறவர்கள், தினமும் பெங்களூருக்குப் போய்வரும் பிள்ளைகள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். இவர்கள் எல்லோரும் டென்ஸைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டிய இடம் இதுதான். டென்ஸ் தப்பினால் கேட்பவர் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். சந்தேகச் சொல் தப்பினால் வாக்கியம் பார்க்கச் சரியாகவே இருக்கும், பொருள் மட்டும் தலைகீழாகிவிடும். வாக்கியம் சரியாக இருப்பதால் யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

ஒரு ஷிஃப்ட் குறிப்பை வைத்துப் பார்ப்போம். “ஐ டவுட் தட் தி பம்ப் இஸ் லீக்கிங்.” எழுதியவர் மனதில் இருந்தது “பம்ப் ஒழுகுதோன்னு சந்தேகமா இருக்கு.” ஆங்கிலம் அறிந்தவர் அதைப் படித்தால் “பம்ப் ஒழுகுவதாக எனக்குத் தோன்றவில்லை” என்று எடுத்துக்கொள்வார். அடுத்த ஷிஃப்ட்டில் யாரும் பம்பைத் திறந்து பார்க்க மாட்டார்கள். எழுதியிருக்க வேண்டியது “ஐ சஸ்பெக்ட் தட் தி பம்ப் இஸ் லீக்கிங்.”

‘டவுட்’ என்றால் மனம் ‘இல்லை’ பக்கம் சாய்கிறது. ‘சஸ்பெக்ட்’ என்றால் ‘ஆமாம்’ பக்கம் சாய்கிறது. பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. வாக்கியத்தில் சந்தேகத்தை எடுத்துவிட்டு “இருக்கும்னு நினைக்கிறேன்” என்று போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘சஸ்பெக்ட்’. “இருக்காதுன்னு நினைக்கிறேன்” பொருந்தினால் ‘டவுட்’. இன்னும் கூர்ந்து கவனித்தால் நம் பேச்சே துப்புக் கொடுக்கும். “வருவாரான்னு சந்தேகம்” என்று ‘ஆன்னு’ வந்தால் பெரும்பாலும் ‘டவுட்’. “எடுத்திருப்பானோன்னு சந்தேகம்” என்று ‘ஓன்னு’ வந்தால் பெரும்பாலும் ‘சஸ்பெக்ட்’. “அவன் மேல சந்தேகம்” என்று ‘மேல’ வந்துவிட்டால் கேள்வியே வேண்டாம், அது ‘சஸ்பெக்ட்’தான்.

ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களுக்கும் இதே இடறல் உண்டு. அந்த இரண்டு மொழியிலும் ‘அனுமானம்’ என்ற சொல் இரண்டு வகைச் சந்தேகத்துக்கும் வரும். தமிழில் அனுமானம் என்றால் ஊகம். ஆகவே ஒரே வகுப்பில் மூன்று மொழிப் பிள்ளைகள் இருந்தால், சொல்லை மொழிபெயர்க்கச் சொல்லாமல் “ஆமாம் பக்கமா, இல்லை பக்கமா?” என்று கேட்பதுதான் வேலைக்கு ஆகும்.

மூன்றாவது பயன்பாடு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. “சார், ஒரு டவுட்.” இங்கே சந்தேகமே இல்லை, கேள்விதான் இருக்கிறது. இந்திய வகுப்பறைகளில் இது எல்லோருக்கும் புரியும், அதைப் பிழை என்று தலையில் குட்ட வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் “ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் இன்வாய்ஸ்” என்று எழுதினால், உங்கள் இன்வாய்ஸை நான் நம்பவில்லை என்று அவருக்குக் கேட்கும். “ஐ ஹேவ் எ கொஸ்டின் அபௌட் யுவர் இன்வாய்ஸ்” என்றால் போதும். கூடவே இன்னொன்று: ‘ஐ ஆம் டவுட்டிங்’ என்று ‘இங்’ போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மனநிலையைச் சொல்லும் வினைகளுக்கு அந்த வடிவம் பொதுவாக வராது. ‘ஐ டவுட் இட்’ போதும்.

‘டவுட்’டுக்குப் பின்னால் என்ன வரும் என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. “ஐ டவுட் வெதர்” அல்லது “ஐ டவுட் இஃப்” என்று வரலாம், ‘தட்’டும் வரலாம். எதிர்மறையானால் ‘தட்’ மட்டும்தான்: “ஐ டோன்ட் டவுட் தட் ஹி இஸ் ஆனஸ்ட்.” சந்தேகமே இல்லை என்று சொன்ன பிறகு ‘வெதர்’ எதற்கு? இரண்டு பக்கமும் ஊசலாடினால்தானே அதற்கு வேலை.

அந்த ‘இரண்டு’ இச்சொல்லின் வேரிலேயே இருக்கிறது. ‘டவுட்’ லத்தீனின் ‘டுபிடாரே’ என்ற வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இரண்டைக் குறிக்கும் ‘டுவோ’வுக்கு அது உறவு. நாம் இருமனம் என்கிறோமே, அதுதான். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது எழுத்தில் ‘பி’ இல்லை. லத்தீன் வேரைக் காட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு அதை நுழைத்தார்கள். எழுத்தில் ஏறியது நாக்கில் ஏறவில்லை. அதனால்தான் ‘டவுட்’டில் ‘பி’ ஒலிப்பதில்லை, அதே வேரிலிருந்து வந்த ‘ட்யூபியஸ்’ என்ற சொல்லில் ஒலிக்கிறது.

வினையின் வாலில் இருக்கும் சந்தேகம்

தமிழில் சந்தேகத்தையும் உறுதியையும் தனிச்சொல்லாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வினையின் வாலே பார்த்துக்கொள்ளும். “வந்தாலும் வருவார்” என்பதில் உம்மை ஐயத்தைக் கொடுக்கிறது. “வந்தே தீருவார்” என்பதில் ஏகாரம் தேற்றத்தை, அதாவது உறுதியைக் கொடுக்கிறது. பள்ளி இலக்கணத்தில் உம்மைக்கு ஐயப்பொருளும் ஏகாரத்துக்குத் தேற்றப்பொருளும் உண்டு என்று படித்தது இங்கே நேரடியாக உதவும். ஆங்கிலத்தில் இந்த வால் கிடையாது. அதனிடம் இருப்பது துணைவினைகளும் பெயரடைகளும் வினையடைகளும். இது தெரியாமல் எழுதும்போது நம் வாலெல்லாம் உதிர்ந்து, எல்லாமே ‘ஹி வில் கம்’ ஆகிவிடுகிறது. எழுதியவருக்குப் பாதி சந்தேகம், படித்தவருக்கு முழு உறுதி.

“வந்தாலும் வருவார்” என்பதற்கு “ஹி மைட் கம்.” “வருவார்போல இருக்கு” என்பதற்கு “ஹி இஸ் லைக்லி டு கம்.” “வருவாரோ மாட்டாரோ” என்பதற்கு “ஐ ஆம் நாட் ஷ்யூர் வெதர் ஹி வில் கம்.” “வராமலா இருப்பார்?” என்பது கேள்வியாகத் தெரிந்தாலும் உறுதிதான்: “ஹி இஸ் ஷ்யூர் டு கம்.” “வந்தே தீருவார்” என்பதற்கு “ஹி இஸ் பௌண்ட் டு கம்.” இந்த ஐந்தையும் பெயர்களை மாற்றி மாற்றி ஒரு வாரம் சொல்லிப் பார்த்தால், ‘வில்’லைத் தவிர வேறு வழியும் உண்டு என்று நாக்குக்குப் பழகிவிடும்.

‘ஆம்’ என்ற வால் தனிக்கதை. “அவர் வரலையாம்” என்பதை நம்மவர்கள் “ஹி இஸ் நாட் கமிங், இட் சீம்ஸ்” என்கிறார்கள். தென்னிந்தியாவில் இது நன்றாகவே ஓடுகிறது. மற்ற இடங்களில் ‘இட் சீம்ஸ்’ என்றால் சொல்பவரே அறிகுறிகளைப் பார்த்து எடைபோட்டுச் சொல்வதாக ஆகும், யாரோ சொல்லிக் கேட்டதாக ஆகாது. கேள்விப்பட்டதைச் சொல்ல ‘அப்பேரன்ட்லி’ நல்ல சொல். செய்தி வழியாக வந்தது என்றால் ‘ரிப்போர்ட்டட்லி’. குற்றச்சாட்டு, இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்றால் ‘அலெஜ்ட்லி’. ‘சப்போஸ்ட்லி’யில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அதில் சொல்பவருடைய அவநம்பிக்கை கலந்திருக்கிறது. “ஹி இஸ் சப்போஸ்ட்லி சிக்” என்று மேலாளரிடம் சொன்னால், “உடம்பு சரியில்லையாம்” என்பதோடு நிற்காது. “அப்படின்னு சொல்லிக்கிறார், நான் நம்பலை” என்ற தொனியும் சேர்ந்து போகும். விடுப்பு எடுத்த நண்பரை நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதைவிடச் சிக்கலானது ‘ணும்’. “லாரி நேத்து ராத்திரியே தொப்பூர் தாண்டியிருக்கணும்.” இது ஊகமா, குறைசொல்வதா? தமிழில் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் சொல்லே மாறும். இந்நேரம் தாண்டிப் போயிருக்கும் என்ற ஊகமானால் “இட் மஸ்ட் ஹேவ் க்ராஸ்ட் தொப்பூர்.” தாண்டியிருக்க வேண்டும், ஆனால் தாண்டவில்லை என்ற குறையானால் “இட் ஷுட் ஹேவ் க்ராஸ்ட் தொப்பூர்.” தொப்பூர்க் கணவாயில் வண்டி நின்றிருக்கும் நேரத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால், சரக்குக்குக் காத்திருப்பவர் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்துக்கொள்வார். ‘மஸ்ட்’ ஊகத்துக்கு எதிர்மறை ‘மஸ்ட் நாட்’ அல்ல என்பதையும் சேர்த்துப் பழகுங்கள். “அவர் ஆபீஸ்ல இருக்க வாய்ப்பே இல்லை” என்பதற்கு “ஹி கான்ட் பி இன் தி ஆபீஸ்.” “ஹி மஸ்ட் நாட் பி இன் தி ஆபீஸ்” என்றால் அவர் அங்கே இருக்கக் கூடாது என்ற தடையாகவே பலருக்குக் கேட்கும்.

உறுதி யாருடையது?

‘ஷ்யூர்’ என்ற சிறிய சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது. “தி டீம் இஸ் ஷ்யூர் டு வின்” என்றால் டீம் ஜெயிக்கும் என்ற உறுதி சொல்பவருக்கு. “தி டீம் இஸ் ஷ்யூர் ஆஃப் வின்னிங்” என்றால் அந்த உறுதி டீமுக்கு. சொல்பவர் அதை நம்புகிறாரா என்று தெரியாது. ‘டு’ வந்தால் பேசுகிறவர் உறுதி, ‘ஆஃப்’ வந்தால் பேசப்படுகிறவர் உறுதி. ‘சர்டன்’ என்ற சொல்லும் இதே வழியில்தான் நடக்கும். தேர்வில் இந்த இரண்டையும் அருகருகே வைத்து அர்த்தம் கேட்டால் நிறையப் பேர் ஒன்றே என்று போட்டுவிடுவார்கள்.

இந்தச் சொற்களை எழுத்து வரிசையில் மனப்பாடம் செய்வதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு பெயரடையையும் இரண்டு வாக்கியச் சட்டங்களில் வைத்துப் பாருங்கள். முதல் சட்டம் ‘ஐ ஆம் ___ தட்’. இரண்டாவது ‘இட் இஸ் ___ தட்’. ‘ஷ்யூர்’, ‘கன்வின்ஸ்ட்’, ‘கான்ஃபிடென்ட்’, ‘பாசிட்டிவ்’ இவையெல்லாம் முதல் சட்டத்தில் உட்காரும், ஏனென்றால் இவை மனிதர் மனதில் இருப்பவை. ‘லைக்லி’, ‘பாசிபிள்’, ‘ப்ராபபிள்’, ‘ஆப்வியஸ்’ இரண்டாவதில் உட்காரும், இவை நடப்பைப் பற்றியவை. ‘சர்டன்’ இரண்டிலும் உட்காரும். ‘டவுட்ஃபுல்’லும் மனிதருக்கும் நடப்புக்கும் வரும், ஆனால் மனிதருக்கு ‘ஐ ஆம் டவுட்ஃபுல் அபௌட் இட்’ என்று ‘அபௌட்’ போடுவது இயல்பாக இருக்கும். “இட் இஸ் ஷ்யூர் தட் ஹி வில் பாஸ்” என்று எழுதுகிறவர்கள் மிக அதிகம். ‘ஷ்யூர்’ அங்கே உட்காராது. “இட் இஸ் சர்டன் தட்” என்று மாற்றுங்கள்.

இரண்டாவது சட்டத்துச் சொல்லை மனிதருக்கு மாட்டினால் என்ன ஆகும்? “ஐ ஆம் நாட் பாசிபிள் டு கம் டுமாரோ” ஆகும். “நாளைக்கு வர எனக்குச் சாத்தியப்படாது” என்பதன் நேர் நகல் இது. “இட் இஸ் நாட் பாசிபிள் ஃபார் மி டு கம்” என்று ‘இட்’டில் தொடங்க வேண்டும், அல்லது “ஐ கான்ட் கம்” என்று முடித்துவிட வேண்டும். “ஐ ஆம் இம்பாசிபிள்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு “என்னோடு யாராலும் குப்பை கொட்ட முடியாது” என்று அர்த்தம். ‘லைக்லி’க்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. “ஹி இஸ் லைக்லி டு கம்” என்று மனிதரை எழுவாயாக வைக்கலாம். ஆனால் “ஹி இஸ் ப்ராபபிள் டு கம்” வராது. அர்த்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் கட்டமைப்பு வேறு. “ஹி வில் ப்ராபப்ளி கம்” என்று வினையடையாக மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்மறையில் ‘ப்ராபப்ளி’ முன்னால் நகரும்: “ஹி ப்ராபப்ளி வோன்ட் கம்.”

‘பாசிபிள்’ விஷயத்தில் இன்னொரு நுட்பம். “இட் இஸ் பாசிபிள் டு ரீச் ஒகேனக்கல் பை பஸ்” என்றால் முடியும் என்று பொருள். “இட் இஸ் பாசிபிள் தட் தி பஸ் இஸ் லேட்” என்றால் அப்படியும் இருக்கலாம் என்று பொருள். ‘டு’ வந்தால் இயலுமை, ‘தட்’ வந்தால் ஐயம். ‘பாசிப்ளி’யோ எதிர்மறையில் சேர்ந்தால் குணமே மாறிவிடும். “ஐ கான்ட் பாசிப்ளி கம்” என்றால் ஒருவேளை வர முடியாது என்பதல்ல, எந்த வழியிலும் வர முடியாது என்பது.

பெயருக்கு முன்னால் வரும் ‘சர்டன்’ பெரும்பாலும் உறுதியைச் சொல்வதில்லை. “சர்டன் பீப்பிள் ஆர் அன்ஹேப்பி” என்றால் உறுதியான மக்கள் அல்ல, ‘சிலர்’. பெயர் சொல்ல விரும்பாத சிலர். “எ சர்டன் அமௌன்ட்” என்றால் குறிப்பிட்ட ஒரு தொகை, எவ்வளவு என்று இப்போது சொல்லவில்லை. வாசிப்புப் பகுதியில் இதை ‘நிச்சயமான’ என்று மொழிபெயர்த்து மதிப்பெண் விடுகிறவர்கள் ஏராளம். அதே சொல் வினைக்குப் பின்னால் வந்தால் நிச்சயம்.

பலமாகத் தெரிந்தும் பலவீனமாக இருக்கும் சொற்கள்

இந்தப் பாடத்தில் எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ‘நோ டவுட்’ என்பதைப் படித்தவுடன் ‘சந்தேகமே இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் “நோ டவுட் ஹி இஸ் பிஸி” என்றால் “அவருக்கு வேலை இருக்கும்போல” என்ற அளவுதான். ‘டவுட்லெஸ்’ என்பதற்கும் அதே கதிதான். உண்மையிலேயே சந்தேகமில்லை என்று சொல்ல ‘தேர் இஸ் நோ டவுட் தட்’, ‘வித்தவுட் டவுட்’, ‘அன்டவுட்டட்லி’ என்று போக வேண்டும். ‘ஷ்யூர்லி’யும் அப்படியே. “ஷ்யூர்லி யூ ஹேவ் பெய்ட் தி பில்?” என்றால் “கட்டியிருப்பீங்களே, இல்லையா?” என்று பொருள். சொல்பவருக்கே உள்ளூரக் கவலை இருக்கிறது. கண்டிப்பாக என்று உறுதி கூற ‘சர்டன்லி’ அல்லது ‘டெஃபினிட்லி’தான் சரி.

‘டவுட்ஃபுல்லி’ என்பதும் ஏமாற்றும். “டவுட்ஃபுல்லி ஹி வில் கம்” என்று எழுதக் கூடாது. அது செய்யும் விதத்தைச் சொல்வது: “ஹி லுக்ட் அட் தி நோட் டவுட்ஃபுல்லி”, அதாவது ரூபாய் நோட்டைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

‘டவுட்ஃபுல்’லுக்கும் ‘ட்யூபியஸ்’சுக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கமாகச் சொல்லலாம். நடக்குமா என்ற சந்தேகம் ‘டவுட்ஃபுல்’. நேர்மையானதா என்ற சந்தேகம் பெரும்பாலும் ‘ட்யூபியஸ்’. மழை ‘டவுட்ஃபுல்’ ஆகலாம். அதிக வட்டி தருகிறேன் என்று வீட்டுக்கு வருபவரின் திட்டம் ‘ட்யூபியஸ்’.

‘லைக்லி’ எவ்வளவு லைக்லி? இதற்கு எண் வைத்திருப்பவர்களே உண்டு. இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்றால் 25 முதல் 50 சதவீதம், ‘வெரி லைக்லி’ 50 முதல் 75, ‘மோஸ்ட் லைக்லி’ 75க்கு மேல், ‘அன்லைக்லி’ 25க்குக் கீழ். ஐ.பி.சி.சி. என்ற உலகக் காலநிலை அறிவியல் குழுவின் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்றால் குறைந்தது 66 சதவீதம், ‘வெரி லைக்லி’ என்றால் குறைந்தது 90. ஒரே சொல், ஓரிடத்தில் பாதிக்குக் கீழே, இன்னோரிடத்தில் மூன்றில் இரண்டுக்கு மேலே. ஆகவே அலுவலக மெயிலில் காசு சம்பந்தப்பட்ட இடத்தில் ‘லைக்லி’ என்று மட்டும் விட்டுவிடாமல் காரணத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்: “லைக்லி டு பி டிலேட், பிகாஸ் தி ரோடு இஸ் ப்ளாக்ட்.” காரணம் இருந்தால் படிப்பவர் தானே எடைபோட்டுக்கொள்வார்.

அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. முதலில் வெளியிடுவது ‘டென்ட்டேடிவ்’ விடைக்குறிப்பு. இன்னும் மாறலாம், ஆட்சேபம் சொல்லலாம் என்று அந்தச் சொல்லே சொல்கிறது. கல்லூரி முடித்தவுடன் தருவது ‘ப்ரொவிஷனல்’ சான்றிதழ். இது சந்தேகத்துக்கு உரியது அல்ல, நிலையானது வரும்வரை செல்லுபடியாகும். இரண்டையும் ‘தற்காலிக’ என்றே மொழிபெயர்க்கிறோம், ஆனால் எடை வேறு. ‘சர்டிஃபிகேட்’ என்ற சொல்லுக்குள்ளும் ‘சர்டன்’ ஒளிந்திருக்கிறது. லத்தீனில் ‘செர்டுஸ்’ என்றால் உறுதியானது, ‘ஃபாசெரே’ என்றால் செய்வது. உறுதியாக்குவதுதான் சான்றிதழ்.

நேர்முகத் தேர்வில் வாய் தவறும் சொற்கள்

“ஐ ஆம் கான்ஃபிடென்ட்” என்பதற்குப் பதில் “ஐ ஆம் கான்ஃபிடென்ஷியல்” என்று பதற்றத்தில் வந்துவிடும். ‘கான்ஃபிடென்ஷியல்’ என்றால் ரகசியமானது, அது கோப்புக்கு வரும் சொல். அதேபோல ‘கன்வின்ஸ்ட்’ மனிதருக்கு, ‘கன்வின்சிங்’ காரணத்துக்கு. “ஐ ஆம் கன்வின்ஸ்ட்” என்றால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. “ஹிஸ் ஆன்சர் இஸ் கன்வின்சிங்” என்றால் அவர் பதில் நம்பும்படி இருக்கிறது. நம்மூரில் அழுகிற பிள்ளையைக்கூட ‘கன்வின்ஸ்’ பண்ணுகிறோம். ஆங்கிலத்தில் அது நம்ப வைப்பது, சமாதானப்படுத்துவது அல்ல.

இதன் பெயர்ச்சொல் ‘கன்விக்ஷன்’. பேச்சில் “ஷி ஸ்போக் வித் கன்விக்ஷன்” என்றால் உறுதியோடு பேசினாள். ஆனால் “ஐ ஹேவ் எ கன்விக்ஷன்” என்று ‘எ’ சேர்த்துச் சொன்னால், நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு ஆகியிருக்கிறது என்றே முதலில் தோன்றும். வெளிநாட்டு விசா படிவத்தில் ‘ப்ரீவியஸ் கன்விக்ஷன்ஸ்’ என்ற கேள்வி இந்தப் பொருளில்தான் வரும். உறுதியான கொள்கைகள் உண்டா என்று கேட்பதாக நினைத்து ‘யெஸ்’ என்று டிக் அடித்தால் விண்ணப்பமே சிக்கிவிடும்.

முன்னொட்டுகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ‘பி’யில் தொடங்கும் லத்தீன் வழிச் சொற்களுக்குப் பெரும்பாலும் ‘இம்’: ‘இம்பாசிபிள்’, ‘இம்ப்ராபபிள்’, ‘இம்ப்ளாசிபிள்’. ‘ஷ்யூர்’, ‘சர்டன்’, ‘லைக்லி’, ‘கன்வின்ஸ்ட்’ இவற்றுக்கு ‘அன்’. ‘டெஃபினிட்’, ‘கன்க்ளூசிவ்’ இவற்றுக்கு ‘இன்’. பெயர்ச்சொல்லில் ‘லைக்லி’ மட்டும் ‘லைக்லிஹுட்’ ஆகும், மற்றவற்றில் பல ‘டி’ ஒலியில் முடியும்: ‘பாசிபிலிட்டி’, ‘ப்ராபபிலிட்டி’, ‘சர்டன்ட்டி’.

எழுத்துப் பிழையில் முதலிடம் ‘டெஃபினிட்லி’க்குத்தான். நடுவில் ‘ஏ’ போட்டுவிடுகிறார்கள். உள்ளே ‘ஃபைனைட்’ என்ற முழுச்சொல் இருக்கிறது, எஃப்-ஐ-என்-ஐ-டி-இ, அதை நினைவில் வைத்தால் ‘ஏ’ வராது. ஆனால் உச்சரிப்பில் ‘ஃபைனைட்’ இல்லை, ‘டெ-ஃபி-நிட்’தான். ‘சர்டன்’ என்பதில் கடைசி அசையை ‘டெய்ன்’ என்று ரெயின் போல இழுக்கக் கூடாது. ‘சர்-ட்ன்’ என்று விழுங்க வேண்டும். ‘மேபி’ ஒரே சொல்லாக எழுதினால் ‘ஒருவேளை’, பெரும்பாலும் வாக்கியத் தொடக்கத்தில் வரும். ‘மே பி’ என்று பிரித்தால் ‘இருக்கலாம்’, வினையிடத்தில் வரும்.

பழகுவதற்கு ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். ஒகேனக்கல் நீர்வரத்துச் செய்தியை எடுங்கள். மழைக்காலத்தில் நாளிதழில் அடிக்கடி வரும். வினாடிக்கு எத்தனை கன அடி, பரிசல் இயக்கத் தடையா இல்லையா, வரத்து கூடுமா குறையுமா என்று அதில் ஐந்தாறு வரி இருக்கும். ஒவ்வொரு வினையின் வாலையும் அடிக்கோடிடுங்கள். ‘உள்ளது’ என்றால் நடந்தது, சந்தேகச் சொல் வேண்டாம். ‘கூடும்’, ‘வாய்ப்புள்ளது’, ‘எனத் தெரிகிறது’, ‘எனக் கூறப்படுகிறது’ என்று வந்தால், யாருடைய உறுதி, எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். எழுதிய பிறகு ஒவ்வொரு வரியையும் எதிர்மறையாக்குங்கள். பிழை பெரும்பாலும் எதிர்மறையாக்கும்போதுதான் தலைகாட்டும். “தி ஃப்ளோ இஸ் லைக்லி டு இன்க்ரீஸ்” என்பதை “இஸ் அன்லைக்லி டு இன்க்ரீஸ்” என்று திருப்ப முடிந்தால் சரி. ‘இஸ் அன்ப்ராபபிள்’ என்று வந்தால் சட்டத்தை மறுபடி பாருங்கள்.

மெயில் எழுதும்போது இதை எப்படிப் பயன்படுத்துவது? நம் ‘கண்டிப்பா’வில் மரியாதை பாதி, வாக்குறுதி பாதி. கல்யாணப் பத்திரிகை கொடுத்தவரிடம் “கண்டிப்பா வர்றேங்க” என்கிறோம், வராவிட்டாலும் அவர் கோபிக்க மாட்டார். ஆங்கில மெயிலில் ‘டெஃபினிட்லி’ என்று எழுதினால் எதிரில் இருப்பவர் தேதியைக் குறித்துவைப்பார். மாங்கூழ் ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து போகும் ஒரு வரி இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: “ஆல் 80 டிரம்ஸ் வில் டெஃபினிட்லி ரீச் சென்னை அண்ட் சேல் திஸ் வீக்.” இதில் உண்மையில் நமக்குத் தெரிந்தது என்ன? ஏற்றியாகிவிட்டது, அது உறுதி. வண்டி வெள்ளிக்கிழமைக்குள் துறைமுகம் சேரும்போல இருக்கிறது. கப்பல் தேதி இன்னும் வரவில்லை. மூன்றுக்கும் மூன்று எடை. அப்படியே பிரித்து எழுதுங்கள்: “தி 80 டிரம்ஸ் ஹேவ் பீன் லோடட். தி ட்ரக் இஸ் லைக்லி டு ரீச் தி போர்ட் பை ஃப்ரைடே ஈவ்னிங். வி ஆர் நாட் யெட் சர்டன் அபௌட் தி செய்லிங் டேட், அண்ட் வில் அப்டேட் யூ பை சாட்டர்டே நூன்.” சனிக்கிழமை மதியம் வரை தேதி தெரியாவிட்டாலும் “தி டேட் இஸ் ஸ்டில் அன்கன்ஃபர்ம்ட்” என்று ஒரு வரி போய்விட வேண்டும்.